காரணம் இல்லாத கட்டி

என் மனைவி தொலைபேசியை எடுத்ததும் வணக்கம் சொல்லமாட்டாள். "கதையைச் சொல்லுங்க டாக்டர்" என்பாள். எதிர்முனையில் இருப்பவர் ஒரு பல் மருத்துவராக இருப்பார். யாருடைய ஈறிலிருந்தோ ஒரு சிறு கட்டியை வெட்டி, மருந்துத் தண்ணீரில் போட்டு, அன்று காலை அனுப்பியிருப்பார். அதை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, ஸ்லைடில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னது என்று சொல்வது அவள் வேலை. பார்ப்பது பாதி வேலைதான் என்பது அவள் கட்சி.

"சிவப்பா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, சரி. ஊறி வந்தப்புறம் எல்லாமே வெளுத்த கோழிக்கறி மாதிரிதான் இருக்கு. தொட்டா ரத்தம் வந்துச்சா? பக்கத்துப் பல்லுல அழுக்குக் காரை படிஞ்சிருந்துச்சா? பொம்பளையா? எத்தனாவது மாசம்?... கேக்கலையா? நல்லாப் போச்சு. போய்க் கேட்டுட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருப்பாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு அடுத்த ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய லேப் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். படியில் பாதி ஏறும்போதே கட்டிகள் ஊறும் ஃபார்மலின் நெடி மூக்கைப் பிடிக்கும். நான் பாடநூல் அச்சிடும் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வேலை முடிந்ததும் நேராக அங்கே போய், சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கிளம்பும்வரை காத்திருப்பேன். கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவசரமாக வீட்டுக்குப் போய் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

"வந்தாச்சா அரைப்புள்ளி?" என்பாள், தலையைத் தூக்காமலே. அவள் எழுதும் அறிக்கைகளில் அரைப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் கால்புள்ளி வைக்கிறாள் என்று புது மாப்பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அன்று வந்த பெயர் அது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே ஈறுக் கட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அவை நான்கு அண்ணன் தம்பிகள் என்பாள். மூத்தவன் சிவந்து, தொட்டாலே ரத்தம் விடுபவன். பிள்ளைத்தாய்ச்சிகளின் வாயில் அதிகம் வருகிறவன் அவன்தான். அவனுக்கு வைத்திருக்கும் பெயரைப் பார்த்தால் சீழ் பிடித்த கட்டி என்று தோன்றும். ஆனால் சீழ் கிடையாது. "பேரு வச்சவன் கதை கேக்காம வச்சுட்டான்" என்பாள். இன்னொருவன் உள்ளே எலும்புத் துணுக்குகளை ஒளித்துவைத்திருப்பவன். மூன்றாமவன் நீலம் பாரித்து, ராட்சச செல்களோடு வருபவன். கடைசி ஆள் வெளிறி, கெட்டியாகி, ஒரு வம்பும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவன். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பேருக்கும் ஒரே முகம். உள்ளே பார்த்தால்தான் ஆள் தெரியும். நால்வருமே உயிரை எடுக்கிறவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய சாயலில் எப்போதாவது ஒரு கெட்டவன் வந்து உட்கார்ந்திருப்பான். அதனால் வெட்டிய எதையும் குப்பையில் போடக்கூடாது.

"ஈறு ரோஷக்காரி" என்று ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னாள். "ஒரே எடத்துல சீண்டிக்கிட்டே இருந்தா, ஒருநாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. காரை, உடைஞ்ச பல்லு, பொருந்தாத பல்செட்டு, ஏதோ ஒண்ணு சீண்டியிருக்கும். யாரு சீண்டினதுன்னு கண்டுபிடிச்சு அதையும் சேத்து எடுக்கணும். இல்லேன்னா வெட்ட வெட்ட வரும்."

"யாருமே சீண்டலைன்னா?"

சோப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்பத்தான் பயப்படணும்."

அதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் அதை ஒரு பொது விஷயமாகத்தான் நினைத்தோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், பல் துலக்கித் துப்பும்போது தினமும் ரத்தம் வந்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். கீழ் வரிசையில், இடது பக்கம், கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் மிளகு அளவுக்கு ஏதோ முளைத்திருந்தது. மழை விடுவதற்குள் அது வேர்க்கடலை அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலி இல்லை. காலைக் காப்பியின்போது விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"டாக்டரம்மா, உன் அண்ணன் தம்பில ஒருத்தன் என் வாய்க்கு விருந்தாட வந்திருக்கான் போல."

அவள் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்துவந்து, ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஆ காட்டுங்க."

காட்டினேன். விரலால் அமுக்கினாள். "வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வலித்தால் நன்றாயிருக்கும் என்று அவள் முகம் சொன்னது.

அன்று மதியமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் எங்கள் தெருக்கோடியிலேயே கிளினிக் வைத்திருந்தார். அவளிடம் தொலைபேசியில் அதிகம் திட்டு வாங்கியவரும் அவர்தான். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"மேடம், பயப்படுற மாதிரி ஒண்ணும் தெரியல."

"உங்களை யாரு பயப்படச் சொன்னா? பாத்ததைச் சொல்லுங்க."

"பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கு. காரை இல்ல. சொத்தை இல்ல. உடைசல் இல்ல. சார், உங்களுக்கு ஏதாவது பழக்கம்..."

என் வாயில் பஞ்சும் கண்ணாடியும் அவருடைய இரண்டு விரல்களும் இருந்தன.

"பழக்கமா?" என்றாள் அவள், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி. "டீயைத் தவிர அவருக்கு ஒரு பழக்கமும் கெடையாது. பீடா கெடையாது, சிகரெட் கெடையாது. நகம்கூடக் கடிக்கமாட்டாரு. என் புருஷனைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க வெட்டுங்க."

அவர் எலும்புவரை சுரண்டி வெட்டி எடுத்து, தையல் போட்டார். வெட்டிய துண்டு இருந்த குப்பியை அவளே கையில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வாயிலிருந்ததை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு வாய் மரத்துப்போயிருந்தது.

மற்றவர்களுடைய கட்டிக்கு இரண்டொரு நாளில் முடிவு சொல்லிவிடுவாள். என்னுடையதற்குச் சொல்லவில்லை. மாலையில் நான் மாடிக்குப் போனால் மைக்ராஸ்கோப்பில் இருப்பாள். அரைப்புள்ளி என்று கூப்பிடமாட்டாள். ஒரே ஸ்லைடு. நகர்த்துவாள், பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். அதே கட்டியில் இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லி புதிது புதிதாக ஸ்லைடுகள் போடவைத்தாள். அவற்றிலும் அதே மூலையைத் தேடிப் போவாள்.

படிப்பதை வைத்துப் பிழைத்தவன் நான். ஒரே வரியை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் அதைப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"என்ன போட்டிருக்கு?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா எழுதிக் கொடுத்துட்டு வா. பசிக்குது."

விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். கண்கள் சிவந்திருந்தன.

"மேல புண்ணாயிருக்கு. கீழ புது ரத்தக் குழாயா ஓடுது. அதெல்லாம் சரிதான், மூத்த அண்ணன் மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு மூலையில செல்லெல்லாம் பெருசு பெருசா, கறுப்பா இருக்கு. வேகமாப் பிரிஞ்சுக்கிட்டு இருக்கு."

"வேற யாரோடதாவது இருந்தா?"

"புண்ணு ஆறுற அவசரம்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப எழுதிடேன்."

"எப்படிங்க எழுதுறது? காரணம் இல்லையே. யாரும் சீண்டலையே. சும்மா ஒரு சதை எதுக்கு வளரும்?"

அறை சட்டென்று சிறிதாகிவிட்டது போல இருந்தது. கீழே கடையில் யாரோ புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தூரத்து எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நடந்தபோது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படி நடக்கிறவள் இல்லை. அந்தப் பிடியில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. நான் இல்லாத வீட்டில் இவள் கதவைத் திறந்துகொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கமாக நினைக்க அன்று தோன்றவில்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு சட்டம் இருக்கு" என்றேன். "எழுதினவங்களே புரூஃப் பாக்கக் கூடாது. என்ன இருக்கணும்னு மனசுல இருக்கோ அதுதான் கண்ணுல படும்."

"உங்களை நானா எழுதினேன்?"

"இத்தனை வருஷமாத் திருத்திக்கிட்டு இருக்கியே."

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள்: "அவசரத்துக்கிட்டதான் போகணும்."

அவசரம் என்பது ஒரு மனிதர். பெரிய மருத்துவமனையின் லேபில் இதே வேலை பார்த்த மருத்துவர். ஸ்லைடை வைக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவார் என்பதால் அவள் வைத்த பெயர். எத்தனையோ கூட்டங்களில் இருவரும் வார்த்தையால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். "அந்தாளு கவரைப் பிரிக்கிறதுக்குள்ள லெட்டரைப் படிச்சிருவான்" என்று அவள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அவரைப்போலக் கண் வேறு யாருக்கும் இல்லை என்பதையும் அவள்தான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் இருவரும் போனோம். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னாள். "நீங்கதான்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா இரக்கப்பட்டுப் பாப்பான்." கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு முழுதாக மூடவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் எங்கெங்கோ போகும் என்று நான் ஒரு கட்டு புரூஃப் கொண்டுபோயிருந்தேன். ஏதோ ஒரு வகுப்பின் புவியியல். அதை மடியில் விரித்து வேலையைத் தொடங்கினேன். உள்ளே பேசுவது கேட்டது.

"யாரோடது மேடம்?"

"ஒரு பேஷன்ட்."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவசரத்துக்கு அவசரமே இல்லை. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் போனது, பக்கெட் வந்தது, நான் இரண்டு ஆறுகளையும் ஒரு பாலைவனத்தையும் திருத்தி முடித்தேன்.

"கதையைச் சொல்லுங்க மேடம்" என்றார் கடைசியில்.

"கதை ஒண்ணும் இல்ல. காரை இல்ல. உடைஞ்ச பல் இல்ல. பல்செட் இல்ல. புகை இல்ல."

"இல்லாத கதையெல்லாம் சொல்றீங்க. இருக்கிற கதை என்ன?"

அவரே தொடர்ந்தார்.

"நீங்க இந்த மூலையையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஸ்லைடுல பேனா மார்க் பூரா இங்கதான் இருக்கு. இந்தப் பக்கம் வாங்க. ஓரமா, பழுப்பா, இது என்ன?"

"சாயத் தூள். கழுவும்போது தங்கியிருக்கும்."

"சாயத் தூள்னா அதைச் சுத்தி ராட்சச செல் எதுக்கு மேடம் கூட்டம் போடுது? திருடனைப் புடிச்ச மாதிரி வளைச்சுக்கிட்டு நிக்குதுங்க. இது வெளியில இருந்து உள்ள போன சரக்கு. ஆளு என்ன வேலை பாக்குறாரு?"

நாற்காலி தரையில் உரசும் சத்தம். கதவு திறந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

"என்ன அது?"

"ம்?"

"வாயில. வாயில என்ன?"

எடுத்துக் காட்டினேன். "குண்டூசி."

எங்கள் அச்சகத்தில் திருத்தம் நீளமாக இருந்தால் ஓரத்தில் எழுத இடம் போதாது. தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி அந்த இடத்தில் குண்டூசியால் குத்திவிடுவோம். ஒரு கை புரூஃபைப் பிடிக்கும், ஒரு கை துண்டைப் பிடிக்கும். குண்டூசிக்கு மூன்றாவது கை கிடையாது. கொண்டை வெளியே, கூர் உள்ளே, பல்லிடுக்கில் இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். என்னிடம் யாராவது "வாயில் ஏதாவது வைப்பீர்களா" என்று கேட்டிருந்தால்கூட இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். மூக்கில் கண்ணாடி இருப்பது மறந்துபோவது போல. வீட்டில் அவள் அதைப் பார்த்ததில்லை. அச்சகத்து வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது அவளே போட்ட உத்தரவு.

"எப்பவும் வைப்பீங்களா?"

"வேலை பாக்குறப்ப மட்டும்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தான். இப்பத் தையல் இருக்கே, அதனால வலது பக்கம் வச்சிருக்கேன்." என் முன்ஜாக்கிரதையை அவள் மெச்சுவாள் என்றே நினைத்தேன்.

அவள் அப்படியே என் பக்கத்தில் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். புவியியல் கீழே விழுந்து சிதறியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள். ஆறுகள் இருந்த பக்கத்தை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

அவசரம் கதவருகே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். என் கையிலிருந்த குண்டூசிகளையும் பார்த்தார்.

"சார்தான் பேஷன்டா?"

நான் தலையசைத்தேன்.

"ஏன் மேடம், ஊர்ல இருக்கிற பல் டாக்டரையெல்லாம் கதை கேட்டே கொல்லுறீங்க. வீட்டுல ஒரு கதை கேக்கமாட்டீங்களா?"

"அவரு என் புருஷன்யா" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கதை தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவர் கிண்டலை அத்தோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் எங்களுக்கு டீ சொல்லிவிட்டார். இரும்பைக் கண்டால் நீலமாகும் சாயம் ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். "பழைய ரத்தமும் நீலமாத்தான் ஆகும். அதனால அதை மட்டும் வச்சு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்தத் தூள், இந்தக் கூட்டம், இந்தக் குண்டூசி, மூணும் சேந்தா வேற கதை இல்ல மேடம். அந்த மூலை, நீங்க மத்தவங்களுக்கு எழுதுற அதே புண்ணு ஆறுற அவசரம்தான்."

சாயம் போட்டு வந்த ஸ்லைடை அவள் எனக்குக் காட்டினாள். அத்தனை வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் மைக்ராஸ்கோப்பில் நான் கண் வைத்தது அன்றுதான். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அவள் பின்னால் நின்று என் தலையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு வெளி, அதில் ஓரிடத்தில் நல்ல நீலத்தில் ஒரு பொட்டு. துருவின் துகள். அதைச் சுற்றிப் பெரிய பெரிய செல்கள்.

"பாத்துக்கோங்க" என்றாள் காதருகில். "உங்க மூணாவது கை."

காரணத்தை எடுக்காவிட்டால் திரும்ப வரும் என்பது அவள் வேதம். அதனால் அடுத்த நாளே அச்சகத்துக்கு வந்துவிட்டாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. எங்கள் அறையில் புரூஃப் பார்த்த அத்தனை பேரையும் வரிசையாக ஜன்னலோரம் நிறுத்தி, டார்ச் அடித்து, ஆ காட்டச் சொன்னாள். மேனேஜர் தடுக்க வந்தார். அவரையும் ஆ காட்டச் சொன்னாள். அவருக்குக் கடைவாயில் காரை இருந்தது. துருப்பிடித்த குண்டூசிகளை ஒரு பையில் கொட்டிக்கொண்டு, இனி ஊசிகளை ஒட்டிவைக்க ஆளுக்கொரு காந்தக் கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அச்சகத்தில் அவளுக்குக் குண்டூசி டாக்டர் என்று பெயர். என்னை யாரும் நலம் விசாரிக்கமாட்டார்கள். "குண்டூசி டாக்டர் எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் நான் மாடி ஏறியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது.

"இன்னிக்கு வாயில என்ன வச்சிருந்தீங்க?"

ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வேன். மேனேஜருக்குச் சொல்லவேண்டிய பதில் என்பேன். ஒரு பேராசிரியரின் முன்னுரை, இன்னும் மெல்ல முடியவில்லை என்பேன். உன் பெயர் என்று ஒருநாள் சொன்னேன். "இப்படி வழியுற வயசு தாண்டிருச்சு" என்றாள், ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் காது சிவந்தது.

கட்டி திரும்ப வரவில்லை. லேபை அவள் வேறொருவருக்குக் கொடுத்தாள், நான் ஓய்வு பெற்றேன், கேள்வி மட்டும் நிற்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாலும் கேட்பாள். போன வருடம் அவளுக்கு இருதயம் நலிந்து, மருத்துவமனைப் படுக்கையில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தபோது, நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பிவந்தேன். கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன். அப்போதும் அதைத்தான் கேட்டாள். எனக்குச் சட்டென்று விளையாட்டாக ஒன்றும் வரவில்லை. "ஒண்ணும் இல்ல" என்றேன். "நம்பிட்டேன்" என்றாள்.

அவளுடைய படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து பல வாரம் நாற்காலியிலேயே வைத்திருந்தேன். நேற்று மாட்டிவிடலாம் என்று தோன்றியது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன், மறுகையில் சுத்தியல். ஆணி?

நாக்கில் இரும்பு ருசி பட்டபிறகுதான் தெரிந்தது. இடது பக்கம், அதே இடத்தில், ஆணியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து நேராக என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துவிட்டேன். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆணி" என்றேன். "இப்பத்தான் வச்சேன். ஒரு நிமிஷம்கூட ஆகல."

படத்தை இன்னும் மாட்டவில்லை. நாற்காலியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கிறாள்.